திரைக்குப் பின்னாலுள்ள கைகள்: 2008 ஆம் ஆண்டுக்கான ஒஸ்கார் விருதுகள் உணர்த்தும் உண்மை

2009 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கொடாக் அரங்கில் 81 ஆவது ஒஸ்கார் விருது வழங்கும் விழா இடம்பெற்றது. 2008 ஆம் ஆண்டில் வெளியான திரைப்படங்களுக்கான விருதுகள் அவ்விழாவில் வழங்கப்பட்டன. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மான் அம்மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் கூறியபோது, உலகெங்கும் பரந்து வாழும் தமிழ் மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. இன்றும் அந்த ஆண்டின் ஒஸ்கார் விழா என்றதும் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது அந்த ஒரு வாக்கியமே.

ஆயினும் அதே இரவில், அதே திரைப்படத்திற்காக, கேரள மாநிலத்தின் கொல்லம் மாவட்டத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி என்ற ஒலிப்பதிவுக் கலைஞரும் அம்மேடை ஏறினார். ஓம் என்ற சொல்லுக்கு முன்னும் பின்னும் மௌனமே நிலவுகின்றது என்றும், அச்சொல்லை உலகிற்கு அளித்த தமது நாட்டுக்கே அவ்விருதை அர்ப்பணிப்பதாகவும் அவர் கூறினார். ரஹ்மானின் பெயரை அறிந்தோரில் எத்தனை பேர் பூக்குட்டியின் பெயரை அறிவர்? அவருடன் அவ்விருதைப் பகிர்ந்துகொண்ட இயன் டாப், ரிச்சர்ட் பிரைக் ஆகிய இருவரின் பெயர்களை எத்தனை பேர் அறிவர்?

ஒரு திரைப்படத்தை உருவாக்குவோர் யார் என்ற வினாவுக்கு அந்த ஆண்டின் விருதுப் பட்டியல் தெளிவான விடையொன்றைத் தருகின்றது. அதற்குப் பின்னர் நிகழ்ந்தவற்றையும் சேர்த்து நோக்கும்போது அந்த விடையின் முக்கியத்துவம் மேலும் புலனாகும்.

எண்கள் கூறும் கதை

அந்த ஆண்டு மிகக் கூடுதலான பரிந்துரைகளைப் பெற்ற படம் டேவிட் ஃபிஞ்சர் இயக்கிய 'த கியூரியஸ் கேஸ் ஒஃப் பெஞ்சமின் பட்டன்' ஆகும். 13 பரிந்துரைகளைப் பெற்ற அப்படம் 3 விருதுகளையே வென்றது. டானி பொய்ல் இயக்கிய 'ஸ்லம்டோக் மில்லியனர்' 10 பரிந்துரைகளைப் பெற்று 8 விருதுகளைத் தட்டிக்கொண்டது.

அந்த 8 விருதுகளும் எவை என்பதைக் கவனிக்க வேண்டும். சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த தழுவல் திரைக்கதை ஆகிய மூன்றையும் தவிர்த்தால் எஞ்சுபவை ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிக்கலவை, பின்னணி இசை, பாடல் ஆகிய ஐந்து. நடிப்புக்காக இப்படத்துக்கு ஒரு விருதும் கிடைக்கவில்லை. விருது மாத்திரமன்றி, நடிப்புக்கான நான்கு பிரிவுகளில் ஒன்றிலேனும் இப்படத்தின் பெயர் பரிந்துரைக்கப்படவுமில்லை. ஆண்டின் மிகச் சிறந்த படம் எனத் தெரிவுசெய்யப்பட்ட படத்தைத் தாங்கி நின்றவர்கள் பெரும்பாலும் திரையில் முகம் காட்டாதவர்களே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்படம் திரைக்கு வந்ததே ஓர் அதிர்ஷ்டம் எனலாம். சுமார் 15 மில்லியன் டொலர் செலவில், ஹொலிவூட் கணக்கில் மிகச் சிறிய தொகையில் எடுக்கப்பட்ட படம் இது. இதனை அமெரிக்காவில் வெளியிடவிருந்த வோர்னர் நிறுவனத்தின் கிளை 2008 இல் மூடப்பட்டமையால், படம் அரங்குகளுக்கு வராமல் நேரடியாக டிவிடி தட்டாக விற்பனைக்கு விடப்படும் நிலையும் ஏற்பட்டிருந்தது. பின்னர் ஃபொக்ஸ் சேர்ச்லைட் நிறுவனம் பொறுப்பேற்று வெளியிட்டது.

தெரிவு எவ்வாறு நடைபெறுகின்றது?

ஒஸ்கார் விருதை வழங்குவது அமெரிக்கத் திரைப்படக் கலை மற்றும் விஞ்ஞானக் கழகமாகும். அதன் பெயரிலேயே கலையும் விஞ்ஞானமும் இணைந்துள்ளமை கவனிக்கத்தக்கது. கழகத்தின் உறுப்பினர்கள் தத்தம் தொழிலுக்கேற்பக் கிளைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளனர். முதற்கட்டத்தில் பெரும்பாலான பிரிவுகளுக்குரிய பரிந்துரைகளை அந்தந்தத் துறையினரே தெரிவு செய்கின்றனர். ஒளிப்பதிவாளரை ஒளிப்பதிவாளர்களும், நடிகரை நடிகர்களும் பரிந்துரைக்கின்றனர். இறுதிக்கட்டத்தில் உறுப்பினர் அனைவரும் வாக்களிக்கின்றனர். 2009 இல் வாக்குரிமை பெற்றிருந்தோர் தொகை ஏறத்தாழ 6,000 ஆகும்.

இம்முறையில் ஒரு நன்மையும் ஒரு குறையும் உள்ளன. ஒரு தொழிலின் நுட்பத்தை அத்தொழில் செய்வோரே மதிப்பிடுவதனால் பரிந்துரைப் பட்டியல் பெரும்பாலும் தரமானதாக அமைகின்றது. ஆனால் இறுதி வாக்கெடுப்பில், ஒலிக்கலவைக்கும் ஒலித்தொகுப்புக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத உறுப்பினரும் வாக்களிக்கின்றனர். ஆகவே மனதைக் கவர்ந்த ஒரு படத்துக்குச் சகல பிரிவுகளிலும் வாக்குகள் குவிந்துவிடுவதுண்டு. 'ஸ்லம்டோக்' அள்ளிச் சென்ற விருதுகளுள் சிலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம் எனக் கூறுவோர் உளர். அது எவ்வாறாயினும், அப்படத்தின் தொழில்நுட்ப விருதுகள் வெறும் அலையில் வந்தவை அல்ல என்பதைப் பின்வரும் விபரங்கள் காட்டும்.

நடிப்பும் எழுத்தும்

நடிப்பு விருதுகளில் உலகின் கவனத்தை மிகவும் ஈர்த்தது ஹீத் லெட்ஜருக்கு வழங்கப்பட்டதாகும். 'த டார்க் நைட்' படத்தில் ஜோக்கர் வேடமேற்ற அவுஸ்திரேலிய நடிகரான இவர், படம் வெளிவருவதற்கு முன்னரே, 2008 ஜனவரி 22 ஆம் திகதி தமது 28 ஆவது வயதில் காலமானார். சரியாக ஓராண்டின் பின்னர் அதே திகதியில் பரிந்துரைப் பட்டியல் வெளியானது. சிறந்த துணை நடிகருக்கான விருதை அவரது தாய், தந்தை, சகோதரி ஆகியோர் பெற்றுக்கொண்டபோது அரங்கில் பலர் கண்கலங்கினர். மரணத்தின் பின்னர் நடிப்புக்காக ஒஸ்கார் பெற்றவர் அதற்கு முன்னர் பீட்டர் ஃபிஞ்ச் ஒருவரே.

'மில்க்' படத்தில், 1978 இல் சுட்டுக்கொல்லப்பட்ட சான் பிரான்ஸிஸ்கோ நகரசபை உறுப்பினரும் தன்பாலீர்ப்பினரின் உரிமைகளுக்காகக் குரல் கொடுத்தவருமான ஹார்வி மில்க்கின் பாத்திரத்தை ஏற்ற ஷோன் பென் சிறந்த நடிகராகத் தெரிவானார். அப்படத்தின் திரைக்கதையை எழுதிய டஸ்டின் லான்ஸ் பிளாக்குக்கு மூலத் திரைக்கதைக்கான விருது கிட்டியது. ஐந்து தடவைகள் பரிந்துரைக்கப்பட்டும் வெற்றி பெறாதிருந்த கேட் வின்ஸ்லெட், ஆறாவது தடவையில் 'த ரீடர்' படத்துக்காகச் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். சிறந்த துணை நடிகையான பெனலோப் குரூஸ், ஒஸ்கார் பெற்ற முதலாவது ஸ்பானிய நடிகையாவார்.

தழுவல் திரைக்கதை விருது சைமன் போஃபோய்க்கு உரியதாயிற்று. இந்திய இராஜதந்திரி விகாஸ் ஸ்வரூப் 2005 இல் வெளியிட்ட 'கியூ அண்ட் ஏ' என்ற நாவலே 'ஸ்லம்டோக்' படத்தின் மூலம். நாவலின் கதாநாயகன் பெயர் ராம் முகமது தோமஸ்; திரையில் அவன் ஜமால் மாலிக் ஆனான். வினாவிடைப் போட்டியொன்றின் ஒவ்வொரு வினாவும் ஒரு சேரிச் சிறுவனின் வாழ்வில் ஒவ்வோர் அத்தியாயத்தைத் திறக்கின்றது என்ற கட்டமைப்பை எடுத்துக்கொண்ட போஃபோய், சம்பவங்களைப் பெரிதும் மாற்றி, ஒரு காதலையும் இரு சகோதரர்களின் பிணக்கையும் படத்தின் முதுகெலும்பாக அமைத்தார். இந்தியாவின் வறுமையைக் காட்சிப்பொருளாக்கிய படம் என்ற கண்டனம் இந்தியாவிலிருந்தே எழுந்தது என்பதையும் இவ்விடத்தில் குறிப்பிடல் வேண்டும்.

கமராவில் நிகழ்ந்த மாற்றம்

சிறந்த ஒளிப்பதிவுக்கான விருதைப் பெற்றவர் அந்தோனி டொட் மான்டில். மும்பாய்ச் சேரியின் ஒடுங்கிய சந்துகளில் சிறுவர்கள் ஓடும் காட்சிகளைப் பெரிய கமராக்களால் படமாக்க இயலாது. கமராவைக் கண்டதும் மக்கள் கூடிவிடுவர். இயல்பான வாழ்க்கை மறைந்துவிடும். எனவே எஸ்ஐ-2கே எனப்படும் சிறிய டிஜிட்டல் கமரா பயன்படுத்தப்பட்டது. வில்லையையும் உணரியையும் கொண்ட அதன் சிறு முனைப்பகுதியைக் கையில் ஏந்தலாம். பதிவு செய்யும் கணினி முதுகுப் பையில் இருக்கும். ஒளிப்பதிவாளர் சிறுவர்களின் உயரத்துக்குத் தாழ்ந்து, அவர்களுடனேயே ஓட முடிந்தது. அக்காட்சிகளில் நாம் உணரும் மூச்சிரைப்பு இவ்வாறு கிடைத்ததே.

பெரும்பகுதி டிஜிட்டல் முறையில் படமாக்கப்பட்ட ஒரு படம் ஒளிப்பதிவுக்கான ஒஸ்காரைப் பெற்றது இதுவே முதற் தடவையாகும். அடுத்த ஆண்டிலும் 'அவதார்' என்ற டிஜிட்டல் படமே அவ்விருதைப் பெற்றது. விழா நடைபெற்ற அரங்கு, படச்சுருள் உற்பத்தியில் உலகப் புகழ்பெற்ற கொடாக் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தது. 2012 ஜனவரியில் அந்நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டில் அரங்கிலிருந்து அதன் பெயரும் நீக்கப்பட்டு, ஒலித்தொழில்நுட்ப நிறுவனமான டொல்பியின் பெயர் சூட்டப்பட்டது.

படத்தொகுப்புக்கான விருது கிறிஸ் டிக்கன்ஸுக்குக் கிடைத்தது. வினாவிடை மேடை, பொலிஸ் நிலைய விசாரணை, கடந்தகால வாழ்வு ஆகிய மூன்று காலங்களுக்கிடையே படம் இடையறாது தாவுகின்றது. ஜமால் என்ற ஒரே பாத்திரத்தை வெவ்வேறு வயதுடைய மூவர் ஏற்றுள்ளனர். இத்தனை தாவல்களுக்கிடையிலும் பார்வையாளர் ஒரு கணமேனும் குழம்புவதில்லை. குழப்பம் ஏற்படாமையே நல்ல படத்தொகுப்பின் அடையாளம். சிறப்பாகச் செய்யப்படும்போது கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும் தொழில் அது.

ஒலிக்கு இரு விருதுகள்

அக்காலத்தில் ஒலிக்கு இரு விருதுகள் வழங்கப்பட்டன. அவற்றுக்கிடையேயான வேறுபாடு பலருக்கும் விளங்காததொன்று. மழை, வெடிச்சத்தம், காலடி ஓசை, வாகன இரைச்சல் போன்ற ஒலிகளைத் தேடிச் சேர்த்தும் புதிதாக உருவாக்கியும் காட்சிக்குப் பொருத்துவது ஒலித்தொகுப்பு. படப்பிடிப்புத் தளத்தில் பதிவான குரல்கள், இவ்வாறு சேர்க்கப்பட்ட ஒலிகள், இசை ஆகியவற்றை ஒன்றுடனொன்று அளவறிந்து இணைத்து, எந்தக் கணத்தில் எது முன்னே கேட்க வேண்டும், எது பின்னே ஒதுங்க வேண்டும் எனத் தீர்மானிப்பது ஒலிக்கலவை. சமையலுக்கு வேண்டியவற்றைத் தேடி ஆயத்தம் செய்வது முன்னையது என்றால், பதமறிந்து கூட்டிச் சமைப்பது பின்னையது எனலாம்.

ஒலித்தொகுப்புக்கான விருதை 'த டார்க் நைட்' படத்துக்காக ரிச்சர்ட் கிங் பெற்றார். ஒலிக்கலவைக்கான விருதே பூக்குட்டி உள்ளிட்ட மூவருக்கும் உரியதாயிற்று. தளத்தில் ஒலியைப் பதிவுசெய்தவர் என்ற வகையில் பூக்குட்டியின் பெயர் அதில் இடம்பெற்றது. இந்தியத் திரைப்படங்களில் நீண்டகாலமாக டப்பிங் முறையே வழக்கிலிருந்தது. படப்பிடிப்பின்போது பேசப்படும் வசனம் கைவிடப்பட்டு, பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடிகர்கள் மீண்டும் பேசுவர். மும்பாய் போன்ற இரைச்சல் மிக்க நகரில் வீதியிலேயே வசனத்தைப் பதிவுசெய்வது எத்தகைய சவால் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சேரிகளிலும் புகையிரத நிலையத்திலும் சனக்கூட்டத்தின் நடுவே, தொழில்முறை நடிகர்களல்லாத சிறுவர்களின் குரலை அந்த இடத்திலேயே பிடித்தாக வேண்டியிருந்தது. ஒரு சேரிச் சிறுவனின் சிரிப்பைக் கூடத்தில் இருத்தி மீண்டும் சிரிக்கச் செய்தால் அது அதே சிரிப்பாக இருக்காது.

அந்த ஆண்டின் சிறந்த அனிமேஷன் படமான 'வோல்-ஈ' யும் ஒலியின் ஆற்றலுக்கு மற்றோர் உதாரணமாகும். குப்பை சேகரிக்கும் ஓர் இயந்திர மனிதனைப் பற்றிய அப்படத்தின் முற்பகுதியில் வசனம் என்பது அநேகமாக இல்லை. ஒலி வடிவமைப்பாளர் பென் பேர்ட் உருவாக்கிய ஓசைகளே அந்த இயந்திரத்துக்கு உயிரும் உணர்வும் அளித்தன.

இசையும் அதன் பின்னாலிருந்தவரும்

ரஹ்மான் அந்த ஆண்டு மூன்று பரிந்துரைகளைப் பெற்றிருந்தார். பின்னணி இசைக்கு ஒன்று, பாடலுக்கு இரண்டு. பாடல் பிரிவில் அவ்வாண்டு பரிந்துரைக்கப்பட்டவையே மூன்றுதான். அவற்றுள் இரண்டு ரஹ்மானுடையவை. குல்சார் இயற்றிய 'ஜெய் ஹோ' விருதைப் பெற்றது. மற்றைய பாடலான 'ஓ சாயா' வில் ரஹ்மானுடன் பெயர் பகிர்ந்தவர் எம்.ஐ.ஏ. என அழைக்கப்படும் மாயா அருள்பிரகாசம். இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதியை யாழ்ப்பாணத்தில் கழித்தவர் அவர். இலங்கையில் யுத்தம் அதன் இறுதி மாதங்களில் உக்கிரமடைந்திருந்த வேளையில், ஈழத்துத் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயர் ஒஸ்கார் பட்டியலில் இடம்பெற்றிருந்தமை நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தியாகும்.

மறக்கப்பட்ட மற்றொரு பெயரும் உண்டு. 1992 இல் வெளியான 'ரோஜா' காலம் முதல் ரஹ்மானின் இசையைப் பதிவுசெய்து கலவை செய்தவர் எச். ஸ்ரீதர். ரஹ்மானின் பாடல்களில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே துல்லியமாகக் கேட்கின்றதென்று நாம் வியந்தோமாயின், அவ்வியப்பில் ஒரு பங்கு இவருக்குரியது. 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய படங்களுக்காக இந்திய தேசிய விருதை நான்கு தடவைகள் பெற்றவர் அவர். 'ஸ்லம்டோக்' பாடல்களிலும் அவரது பணி உண்டு. ஆயினும் ஒஸ்கார் விழாவை அவர் காணவில்லை. அதற்கு மூன்று மாதங்களுக்குள்ளாக, 2008 டிசம்பர் முதலாம் திகதி சென்னையில் காலமானார். ரஹ்மானின் வெற்றியைக் கொண்டாடிய நம்மில் எத்தனை பேர் அவரை நினைவுகூர்ந்தோம்?

முதுமையைப் படைத்தவர்கள்

'பெஞ்சமின் பட்டன்' வென்ற மூன்று விருதுகளும் தொழில்நுட்பத் துறைக்குரியவையே. எஃப். ஸ்கொட் ஃபிட்ஸ்ஜெரால்டின் சிறுகதையைத் தழுவிய இப்படத்தின் நாயகன் முதியவனாகப் பிறந்து, ஆண்டுகள் செல்லச்செல்ல இளமையடைகின்றான். அவ்வேடத்தை ஏற்றவர் பிராட் பிட். படத்தின் ஏறக்குறைய முதல் ஒரு மணிநேரத்தில் திரையில் நாம் காணும் முதியவரின் தலை உண்மையானதன்று, கணினியில் உருவாக்கப்பட்டது. பிட்டின் முகபாவங்கள் கமராக்களால் நுணுக்கமாகப் பதிவுசெய்யப்பட்டு, கணினியில் அமைத்த முதிய முகத்துக்கு மாற்றப்பட்டன. அம்முகம், உயரம் குறைந்த வேறு நடிகர்களின் உடலோடு பொருத்தப்பட்டது. எரிக் பார்பா, ஸ்டீவ் பிரீக், பேர்ட் டோல்டன், கிரெய்க் பெரன் ஆகிய நால்வரும் இதற்காக விசேட காட்சி விளைவுகளுக்கான விருதைப் பெற்றனர்.

ஒப்பனைக்கான விருது கிரெக் கனமுக்குச் சென்றது. கணினி ஒரு புறமிருக்க, பாத்திரங்களின் ஏனைய பருவங்களை அவரது கைகளே உருவாக்கின. 1918 முதல் 2005 வரையான நியூ ஓர்லியன்ஸ் நகர வாழ்வை மீட்டெடுத்தமைக்காக டொனால்ட் கிரஹாம் பேர்ட், விக்டர் சோல்ஃபோ ஆகியோர் கலை இயக்க விருதைப் பெற்றனர். 18 ஆம் நூற்றாண்டின் ஆங்கிலப் பிரபுக் குடும்பமொன்றின் கதையான 'த டச்சஸ்' படத்துக்காக மைக்கல் ஓகொனர் ஆடை வடிவமைப்பு விருதுக்கு உரியவரானார்.

ஏனைய விருதுகளுள் பிறமொழிப் படத்துக்கானது ஜப்பானியப் படமான 'டிபார்ச்சர்ஸ்' என்பதற்குக் கிடைத்தது. வேலையிழந்த இசைக்கலைஞன் ஒருவன் இறந்தோரின் உடலைக் கழுவி, அலங்கரித்து, பெட்டியில் வைக்கும் தொழிலை ஏற்பதை அது சொல்கின்றது. சமூகம் ஒதுக்கி வைக்கும் ஒரு தொழிலின் பண்பைக் காட்டிய படம் அது. 1974 இல் நியூயோர்க் இரட்டைக் கோபுரங்களுக்கிடையே கம்பியில் நடந்த பிலிப் பெட்டியைப் பற்றிய 'மேன் ஒன் வயர்' சிறந்த ஆவணப்படமாயிற்று. உதட்டுப் பிளவுடன் பிறந்த உத்தரப் பிரதேசச் சிறுமியொருத்தி சத்திரசிகிச்சையால் புதுவாழ்வு பெறுவதைக் காட்டும் 'ஸ்மைல் பிங்கி' குறும் ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்றது.

பிரதான விழாவுக்கு இரு வாரங்களுக்கு முன்னர் வேறொரு விழாவும் நடைபெற்றது. திரைப்படத்துக்கான கருவிகளையும் கணினிச் செய்நிரல்களையும் கண்டுபிடித்தோரைக் கௌரவிக்கும் விஞ்ஞான, தொழில்நுட்ப விருது விழா அது. கணினி அனிமேஷனின் முன்னோடிகளில் ஒருவரும் பிக்ஸார் நிறுவனத்தை நிறுவியோரில் ஒருவருமான எட் கட்மலுக்கு அவ்வாண்டு கோர்டன் சோயர் விருது அளிக்கப்பட்டது. உலகம் முழுவதும் பார்க்கும் நேரடி ஒளிபரப்பு அவ்விழாவுக்கு இல்லை.

விருதுக்குப் பின்னர்

இனி, அடுத்து வந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றைப் பார்ப்போம். 'பெஞ்சமின் பட்டன்' முகத்தை உருவாக்கிய டிஜிட்டல் டொமெய்ன் நிறுவனம் 2012 செப்டெம்பரில் வங்குரோத்து நிலையை அடைந்தது. 2013 இல் புதுச்சேரியைப் பின்னணியாகக் கொண்ட 'லைஃப் ஒஃப் பை' படத்துக்கு அதே பிரிவில் விருது கிடைத்தபோது, அப்படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம் சில தினங்களுக்கு முன்னர்தான் வங்குரோத்து மனுவைச் சமர்ப்பித்திருந்தது. மேடையில் அதைப் பற்றிப் பேச முற்பட்ட கலைஞரின் குரல், நேரம் முடிந்ததென்று ஒலித்த இசையில் அமிழ்ந்துபோனது. படம் கோடிக்கணக்கில் ஈட்டும். அதன் புலியைப் படைத்தவர்கள் வேலையிழப்பர். விருது வேறு, வயிறு வேறு என்பதை இச்சம்பவம் உலகுக்கு உணர்த்தியது.

2019 இல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒப்பனை, குறும்படம் ஆகிய நான்கு விருதுகளையும் விளம்பர இடைவேளையில் வழங்கப்போவதாகக் கழகம் அறிவித்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி உட்படப் பலர் கடும் எதிர்ப்புத் தெரிவிக்கவே, சில நாட்களிலேயே அம்முடிவு கைவிடப்பட்டது. ஆயினும் 2022 இல் படத்தொகுப்பு, ஒலி, பின்னணி இசை, ஒப்பனை உள்ளிட்ட எட்டு விருதுகள் நேரடி ஒளிபரப்பு ஆரம்பமாவதற்கு முன்னரே வழங்கப்பட்டன. அந்த விதி 2009 இல் இருந்திருப்பின், பூக்குட்டியும் ரஹ்மானின் பின்னணி இசையும் நேரடி ஒளிபரப்புக்கு வெளியே நின்றிருப்பர். எதிர்ப்பின் காரணமாக 2023 இல் சகல விருதுகளும் மீண்டும் நேரடி ஒளிபரப்பில் இடம்பெற்றன. இதற்கிடையில் 2021 முதல் ஒலிக்கான இரு விருதுகளும் ஒன்றாக்கப்பட்டன.

நம்பிக்கை தரும் மாற்றமும் உண்டு. நடிகர்களைத் தெரிவு செய்வோருக்கென ஒரு விருது, 2025 இல் வெளியாகும் படங்களிலிருந்து ஆரம்பமாகுமெனக் கழகம் 2024 இல் அறிவித்தது. 'ஸ்லம்டோக்' படத்தின் சிறுவர்களைத் தேடித் தெரிவு செய்தவர் லவ்லீன் தாண்டன். படத்தில் அவரது பெயர் இந்தியாவுக்கான இணை இயக்குநர் என்றும் இடம்பெற்றது. ஆனால் இயக்கத்துக்கான விருது டானி பொய்லுக்கு மட்டுமே உரியதாயிற்று. அன்று இத்தகைய விருதொன்று இருந்திருப்பின் தாண்டனின் பெயரும் ஒருவேளை அம்மேடையில் ஒலித்திருக்கும்.

நாம் கற்க வேண்டியது

இந்தியர் ஒருவர் பெற்ற முதலாவது ஒஸ்கார் நடிப்புக்கோ இயக்கத்துக்கோ உரியதன்று. 'காந்தி' படத்தின் ஆடை வடிவமைப்புக்காக 1983 இல் பானு அத்தையா பெற்றதே அது. நமது நாட்டின் கித்துல்கலையில், களனி கங்கைக் கரையில் படமாக்கப்பட்ட 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' 1958 இல் பெற்ற ஏழு விருதுகளுள் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இசை ஆகியவையும் அடங்கும். கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சியின் நாவலிலிருந்து உருவான 'த இங்கிலிஷ் பேஷன்ட்' 1997 இல் ஒன்பது விருதுகளைப் பெற்றது. அவற்றுள் படத்தொகுப்பு, ஒலி ஆகிய இரண்டையும் வென்றவர் வோல்ட்டர் மர்ச் என்ற ஒரே கலைஞர். தமது நாவல் படமானபோது அக்கலைஞரின் உழைப்பை அருகிலிருந்து கண்ட ஒண்டாச்சி, அவருடன் நிகழ்த்திய உரையாடல்களை 2002 இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். படத்தொகுப்பாளர் ஒருவரின் சிந்தனைக்கு ஓர் இலக்கியப் படைப்பாளி அளித்த மரியாதை அது.

அத்தகைய மரியாதை நம்மிடையே அரிது. நமது பத்திரிகை விமர்சனங்களில் நாயகனுக்கும் நாயகிக்கும் ஒதுக்கப்படும் இடத்தில் பத்திலொரு பங்கேனும் ஒலிப்பதிவாளருக்கு ஒதுக்கப்படுவதில்லை. ஒளிப்பதிவு அருமை, இசை இனிமை என்ற ஒரு வரியுடன் கடமை முடிந்துவிடுகின்றது. அரங்கிலும் இறுதிப் பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்ததும் விளக்குகள் எரிகின்றன. மக்கள் எழுந்து செல்கின்றனர். திரைத்துறையில் ஈடுபட விரும்பும் நம் இளைஞர்களும் நடிகராகவோ இயக்குநராகவோ வரவேண்டுமெனக் கனவு காண்கின்றனரேயன்றி, ஒலிவாங்கியையும் படத்தொகுப்பு மேசையையும் நாடுவோர் சிலரே. அறியப்படாத தொழிலை நாடி யார்தான் வருவர்?

2008 ஆம் ஆண்டின் சிறந்த படம் நடிப்புக்கான ஒரு பரிந்துரையும் இன்றி எட்டு விருதுகளைப் பெற்றது. கொல்லம் மாவட்டக் கிராமமொன்றிலிருந்து புறப்பட்ட இளைஞர் ஒலியைக் கற்று உலக மேடையை அடைந்தார். இவ்விரு உண்மைகளையும் நம் இளைய தலைமுறைக்கு எடுத்துரைப்பது பத்திரிகைகளினதும் கல்வி நிறுவனங்களினதும் கடமையாகும். அடுத்த தடவை ஒரு நல்ல படத்தைப் பார்த்து முடித்ததும் இரண்டு நிமிடங்கள் இருக்கையிலேயே அமர்ந்து, திரையில் ஏறிச் செல்லும் பெயர்களை வாசிப்போமாயின், அதுவே அக்கலைஞர்களுக்கு நாம் செய்யும் முதல் மரியாதையாக அமையும்.